ஹேண்டில்பாரைத் திருப்பினால் மாறிய ஊளை

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இரண்டு விநாடி அமைதி இருக்கும். என் பைக்கில் அந்த இரண்டு விநாடி அமைதியாக இருந்ததே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று வரும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் அதன் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். தாளமும் மேளமும் நிறைந்த பாட்டில் அது தெரியாது. ஒற்றைக் குரல், தனியாக ஒரு புல்லாங்குழல், இரண்டு வரிகளுக்கு நடுவே பாடுபவர் மூச்சு வாங்கும் இடம், இங்கெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். அந்த இடங்களுக்காகத்தான் நான் பாட்டே கேட்கிறேன். அதனால் இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

என் அமைப்பு பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில், பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் சின்ன கிளாஸ்-டி ஆம்ப். ஹேண்டில்பாரில் தண்ணீர் புகாத இரண்டு ஸ்பீக்கர்கள். ஸ்டாண்டில் போன். அந்த போனுக்கு பைக் பேட்டரியிலிருந்தே ஒரு யூஎஸ்பி சார்ஜர். போனிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோக ஆக்ஸ் ஒயர். அந்த ஒயரைக் கழற்றி மாட்ட வசதியாக ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையில் சாக்கெட் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். ஆம்பின் நெகட்டிவ் ஒயரை, சீட்டுக்கு அடியில் கைக்கு எட்டிய ஒரு ஃபிரேம் போல்ட்டில் வைத்து முடுக்கியிருந்தேன். இந்தக் கடைசி இரண்டு விஷயங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு கோளாறு என்றால் பெரும்பாலானோர் முதலில் சொல்வது "ஃபில்டர் போடு" என்பதுதான். நானும் போட்டேன். பவர் ஒயரில் ஒன்று. அது போதவில்லை என்று ஒவ்வொரு ஒயரிலும் கவ்விப் பிடிக்கும் ஃபெரைட் வளையங்கள் நான்கு. சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அந்த வளையங்கள் வேலை செய்வது மெகாஹெர்ட்ஸ் அளவில், அதாவது ரேடியோ அலைகளின் வரிசையில். என் ஊளை இருந்ததோ காதுக்குக் கேட்கும் ஓரிரண்டு ஆயிரம் ஹெர்ட்ஸில். அந்த அதிர்வெண்ணில் ஃபெரைட் வளையம் வெறும் ஒயர் மாதிரிதான். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, முதலில் சத்தத்தை ஒழுங்காகக் கேட்பது என்று உட்கார்ந்தேன்.

காதே பாதி வேலையைச் செய்துவிடும். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் தொடர்ச்சியான ஊளை என்றால், அது சார்ஜிங் பக்கத்திலிருந்து வருகிறது. தனித்தனியாக "டிக் டிக்" என்று விழுந்து, வேகம் கூடும்போது நெருக்கமானால் அது ஸ்பார்க் பிளக். சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஒரே சுருதியில் கேட்டால் யூஎஸ்பி சார்ஜரையோ எல்இடி விளக்கின் டிரைவரையோ சந்தேகப்படலாம். என்னிடம் முதல் இரண்டும் இருந்தன. ஊளை எப்போதும், டிக் டிக் எஃப்எம் ரேடியோ கேட்கும்போது மட்டும்.

ஊளையின் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பைக்கின் மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுருளான, மெக்கானிக்குகள் மேக்னெட் காயில் என்று சொல்லும் ஸ்டேட்டரைச் சுற்றி ஒரு காந்தச் சக்கரம் ஓடுகிறது. என் பைக்கில் அதற்கு 12 துருவங்கள், அதாவது 6 ஜோடிகள். 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 50 சுற்று. 50-ஐ 6-ஆல் பெருக்கினால் 300 ஹெர்ட்ஸ் ஏசி. அந்த ஏசி மூன்று ஃபேஸ்களாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும் மூன்று வரிசைகளாக வருகிறது. அவற்றை ரெக்டிஃபையர் டிசியாக மாற்றும்போது ஒவ்வொரு ஏசி சுழற்சிக்கும் ஆறு மேடுகள் மிச்சமிருக்கும். ஆக விநாடிக்கு 1800 மேடுகள். 1500 ஆர்பிஎம்மில் 900, 6000 ஆர்பிஎம்மில் 3600. வேகம் இரட்டித்தால் ஊளை சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. சாதாரணமாக ஓட்டும் வேகத்தில் இந்த ஊளை நேரே அந்த வரம்புக்குள்தான் விழுகிறது. சிறிய அளவில் இருந்தாலும் அவ்வளவு உறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

போதாக்குறைக்கு, பேட்டரிக்குப் போகும் வோல்டேஜ் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் பைக்குகளில் பரவலாக ஷன்ட் வகைதான். பேட்டரிக்குத் தேவைக்கு மேல் மின்சாரம் வந்தால், அது காயிலின் முனைகளையே ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்துவிடும். இதை விநாடிக்குப் பல நூறு முறை செய்கிறது. அதனால் அந்த மேடுகள் வழுவழுப்பாக இல்லாமல் கூர்கூராக இருக்கும். பேட்டரி நன்றாக இருந்தால் மின்சாரத்தைத் தேக்கிவைத்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் போல அதுவே இவற்றை விழுங்கிவிடும். வயதான பேட்டரியால் அது முடியாது.

சரி, சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிறக்கும் இடத்தில் அதை நிறுத்த முடியாது, நிறுத்தினால் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஆகவே உண்மையான கேள்வி அது ஆம்புக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த ஃபில்டரையும் வாங்காதீர்கள் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நுழையும் வழியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். எஞ்சினை ஓடவிட்டு ஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். ஊளை போய்விட்டது. குறையாமல் அப்படியே இருந்திருந்தால் அது பவர் ஒயர் வழியாக வருகிறது என்று பொருள். வால்யூமோடு சேர்ந்து குறைகிறது என்றால் பாட்டு வரும் வழியிலேயே அதுவும் வருகிறது. அடுத்து ஆம்பிலிருந்து ஆக்ஸ் ஒயரைப் பிடுங்கிவிட்டு வால்யூமை முழுதும் ஏற்றினேன். அமைதி. மறுபடி செருகி, போனிலிருந்து சார்ஜர் ஒயரை மட்டும் கழற்றினேன். ஊளை பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. அங்கேயே தெரிந்துவிட்டது, வழி ஒன்றல்ல, குறைந்தது இரண்டு.

இதற்குப் பின்னால் இருப்பது எர்த் விவகாரம், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் பொது வழி. எர்த் என்றாலே பூஜ்யம் வோல்ட் என்று நினைத்துவிடுகிறோம். ஃபிரேமில் எங்கே தொட்டாலும் பேட்டரி நெகட்டிவ்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. ஒரு தெருவின் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே வடிகாலில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வீட்டில் தொட்டியைத் திறந்துவிட்டால் வடிகாலில் மட்டம் ஏறும், பக்கத்துச் சின்ன வீட்டின் குழாய் வாயிலும் மட்டம் ஏறும். ஃபிரேமும் அப்படித்தான். ரெகுலேட்டர், ஹெட்லைட், இக்னிஷன் எல்லாவற்றின் மின்சாரமும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஒரு போல்ட்டில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து 0.01 ஓம் தடை இருந்தால் போதும். அதன் வழியாக 10 ஆம்பியர் போகும்போது 0.1 வோல்ட் அங்கே நின்றுவிடும். போனிலிருந்து வரும் பாட்டின் உச்சமே 1 வோல்ட் அளவில்தான், மெல்லிய இடங்கள் சில மில்லிவோல்ட்தான். விநாடிக்கு 1800 முறை ஏறி இறங்கும் அந்த 0.1 வோல்ட்டில் சிறு பகுதி கலந்தாலும் பாட்டு கெட்டுவிடும்.

மீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். 85 மில்லிவோல்ட் காட்டியது. டிசியில் அளந்தது இது. ஏசியில் அளக்கும்போது கவனம் தேவை, சாதாரண மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. அதற்கு நான் கையாண்ட வழி வேறு. பழைய இயர்போன் ஒன்றின் ஒயரில் 1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் பற்றவைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் இணைத்தேன். கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும், ஏற்ற இறக்கம் மட்டும் காதுக்கு வரும். இணைக்கும்போதும் கழற்றும்போதும் "பட்" என்று பெரிய சத்தம் வரும் என்பதால், இணைத்த பிறகுதான் காதருகே கொண்டுபோக வேண்டும். பேட்டரியில் ஊளை மெலிதாகத்தான் இருந்தது. பேட்டரியும் ரெகுலேட்டரும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று நிம்மதியானது. கூடவே சார்ஜிங் வோல்டேஜையும் பார்த்தேன், 14.2. 15-ஐத் தாண்டியிருந்தால் ஆடியோவை மறந்துவிட்டு முதலில் ரெகுலேட்டரைக் கவனித்திருப்பேன்.

முதல் வேலையாக அந்த ஃபிரேம் போல்ட்டை விட்டேன். ஆம்புக்குப் பேட்டரியிலிருந்தே பாசிட்டிவ், நெகட்டிவ் என 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்கள் இரண்டை நேராக இழுத்தேன், ஒன்றையொன்று முறுக்கியபடி. முறுக்கினால் அவற்றில் வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பாசிட்டிவில் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ். அது ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தால் வழியில் ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆகும்போது உதவாது. சாவி போட்டால் மட்டும் ஆன் ஆக ஒரு ரிலே. இப்போது மீட்டர் 3 மில்லிவோல்ட் காட்டியது.

ஸ்டார்ட் செய்தேன். சார்ஜர் இல்லாமல் கேட்டபோது ஊளை நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது.

இந்த மிச்சம்தான் என்னை நான்கு நாள் சுற்றவைத்தது. ஆக்ஸ் ஒயரை, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் ஹெச்டி காயிலிலிருந்தும் ஸ்டேட்டர் ஒயர்களிலிருந்தும் தள்ளி, டேங்குக்கு அடியில் வேறு பக்கமாகக் கொண்டுபோனேன். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டேன். கொஞ்சம் பலன் இருந்தது. ஆம்பின் உலோகப் பெட்டியே ஃபிரேமைத் தொடுகிறதா என்று பார்த்து, அடியில் ரப்பர் வாஷர் போட்டேன். அதிலும் கொஞ்சம். ஐந்தாம் நாள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏதோ எடுப்பதற்காக ஹேண்டில்பாரை இடப்பக்கம் தள்ளினேன். ஊளை மாறியது. வலப்பக்கம் திருப்பினேன், குறைந்தது. மறுபடி இடப்பக்கம், கூடியது. ஆர்பிஎம் மாறவில்லை. ஒயர் எதுவும் இழுபடவில்லை.

அந்தக் கணத்தை மறக்க மாட்டேன். ஹேண்டில்பார் ஃபிரேமோடு மின்சார ரீதியாக எப்படி இணைந்திருக்கிறது? ஸ்டீயரிங் பேரிங் வழியாக. கிரீஸில் ஊறிய சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள்தான் இணைப்பு. திருப்பும்போது குண்டுகள் தொடும் இடம் மாறும், தடை மாறும். அப்படியானால் என் பாட்டு சிக்னலின் எர்த் எங்கேயோ ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேரே அந்த ஆக்ஸ் சாக்கெட்டுக்குப் போனேன். அதன் வெளி வளையம் உலோகம். உள்ளே அதுவே ஆக்ஸின் எர்த். அதை நான் இரும்புப் பட்டையில் நட்டுப் போட்டு முடுக்கியிருந்தேன். ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் அந்தப் பக்கமிருந்து திருப்பி அனுப்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு, பேரிங்கைக் கடப்பதற்குப் பதிலாக என் ஆக்ஸ் ஒயரில் எர்த்தாக இருக்கும் உலோக உறை வழியாகவே ஆம்புக்கும், அங்கிருந்து பேட்டரிக்கும் போய்க்கொண்டிருந்தது.

சாக்கெட்டைக் கழற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் வாஷர் இரண்டை இருபுறமும் வைத்து மறுபடி பொருத்தினேன். மீட்டரில் வளையத்துக்கும் பட்டைக்கும் நடுவே தொடர்பில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஸ்டார்ட் செய்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பினேன். ஒன்றுமில்லை.

மிச்சமிருந்தது சார்ஜர். 12 வோல்ட்டை 5 ஆக்கும் சாதாரண யூஎஸ்பி சார்ஜரில் உள்ளே போகும் நெகட்டிவும் வெளியே வரும் நெகட்டிவும் ஒன்றேதான். போன் சார்ஜ் ஆகும்போது அதன் எர்த் சார்ஜர் ஒயர் வழியாக ஃபிரேமுக்கும், ஆக்ஸ் ஒயர் வழியாக ஆம்புக்கும் என இரண்டு பக்கமும் கட்டுண்டு, ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. வளையத்தை எங்காவது வெட்ட வேண்டும். வெட்டக்கூடாத இடம் ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். ஆம்பின் நெகட்டிவைக் கழற்றி வளையத்தை உடைக்க நினைக்காதீர்கள். ஊளை குறையலாம். ஆனால் ஆம்பின் முழு மின்சாரமும் ஆக்ஸ் ஒயரின் மெல்லிய உறை வழியாக, போன் வழியாகத் திரும்பும். போன் போய்விடும். அதே போல எஞ்சின் ஓடும்போது சோதனைக்காகப் பேட்டரி ஒயரைக் கழற்றுவதும் வேண்டாம். பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் எகிறினால் பைக்கின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

வெட்டச் சரியான இடம் சிக்னல் வழி. ஆக்ஸ் ஒயரின் நடுவே ஐசொலேட்டர் ஒன்று போட்டேன். அதற்குள் இருப்பது இடது, வலது ஒலிக்கு ஒவ்வொன்றாக இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டுமே. பாட்டு காந்தப் புலமாகத் தாண்டிப்போகும், எர்த் தாண்டாது. இதன் குறை, சின்ன இரும்புக் கருவால் ஆழமான பாஸைத் தாங்க முடியாது, அடித்தள ஒலி கொஞ்சம் மெலியும். வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் நான் இதைப் போட மாட்டேன். பைக்கின் கையகல ஸ்பீக்கர் அந்த ஒலியை எப்படியும் தராது என்பதால் இழப்பு தெரியவில்லை. புளூடூத் ரிசீவர் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். போனைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அந்த ரிசீவருக்கும் 5 வோல்ட் வேண்டும். அதே சார்ஜரிலிருந்து கொடுத்தால் அதே வளையம் திரும்ப வரும். அப்போது உள்ளும் வெளியும் தொடர்பில்லாத ஐசொலேட்டட் டிசி கன்வர்ட்டர் ஒன்றை நடுவே வைக்க வேண்டும்.

கழற்றிப் போட்ட பவர் ஃபில்டரையும் இப்போது மறுபடி சேர்த்தேன், என் கணக்குப்படி. பாசிட்டிவில் தொடராக 1 மில்லிஹென்றி காயில், அதற்குப் பிறகு ஆம்பின் வாசலில் 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர். இந்த ஜோடியின் எல்லை ஏறக்குறைய 73 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் இருப்பதெல்லாம் வேகமாகத் தேயும், 1800 ஹெர்ட்ஸில் ஏட்டளவில் அறுநூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆம்ப் இழுக்கும் முழு ஆம்பியரையும் காயில் தாங்க வேண்டும். மெல்லிய ஒயரில் சுற்றியதை வைத்தால் அதன் கரு நிறைந்துபோய் வேலை செய்யாது. உண்மையைச் சொன்னால் எர்த்தைச் சரி செய்த பிறகு இதனால் எனக்குக் கேட்ட வித்தியாசம் மிகக் கொஞ்சம். பழைய பேட்டரி உள்ளவர்களுக்கு இது அதிகம் உதவும்.

செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போனின் வால்யூமை எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் வைத்துவிட்டு ஆம்பின் கெய்னை, அதாவது அது சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறையுங்கள். வழியில் ஒட்டும் இரைச்சல் எப்போதும் ஒரே அளவுதான். அதன் பக்கத்தில் பாட்டு எவ்வளவு பெரிதாக ஆம்பை வந்தடைகிறதோ அவ்வளவு நல்லது. நான் தலைகீழாக வைத்திருந்தேன். இன்னொன்று, கிளாஸ்-டி ஆம்புகளில் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் அல்ல, அதிலும் சிக்னல் வருகிறது. ஒயரை மிச்சம் பிடிக்க அதை ஃபிரேமில் கட்டினால் ஆம்ப் எரிந்துபோகக்கூடும்.

இனி எஃப்எம்மில் விழுந்த அந்த டிக் டிக். 1880-களின் கடைசியில் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் ரேடியோ அலை என்று ஒன்று இருப்பதை நிரூபித்ததே தீப்பொறியை வைத்துத்தான். அதன் பிறகு வந்த முதல் தலைமுறை ஒலிபரப்பிகள் எல்லாமே தீப்பொறி ஒலிபரப்பிகள். ஸ்பார்க் பிளக்கும் அதே வகைக் கருவிதான், பிளக் ஒயர் அதன் ஆன்டெனா. 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியவர்களுக்கும் இந்த இக்னிஷன் இரைச்சலை அடக்குவது பெரிய வேலையாக இருந்தது. அன்று கண்ட தீர்வுதான் இன்றும்: தீப்பொறியின் பாதையில் ஒரு தடையை வைப்பது. என்ஜிகே பிளக்குகளின் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5 கிலோஓம் தடை இருக்கிறது என்று பொருள். என் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், 'ஆர்' இல்லை. முன்பு ஏதோ ஒரு சர்வீஸில் மாற்றியிருக்கிறார்கள். பைக்கின் கையேட்டில் குறிப்பிட்டிருந்த பிளக்கையே வாங்கிப் போட்டேன். பிளக் கேப்பையும் மீட்டரில் அளந்தேன், அதற்கும் 5 கிலோஓம், அது சரியாகவே இருந்தது. டிக் டிக் நின்றது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் தடையில்லாத பிளக் ரேடியோவை மட்டுமல்ல, எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவையே குழப்பக்கூடும். பாட்டே கேட்காதவர்களும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் முடிந்த அன்று இரவு எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை முழுதும் ஏற்றி, ஸ்பீக்கர் வலையில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய "உஸ்" மட்டும், எந்த ஆம்பிலும் இருப்பது. ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். எஞ்சின் சத்தம் எஞ்சினிலிருந்து வந்தது. அடுத்த நாள் ஓட்டிக்கொண்டே, ஒரு சிக்னலில் நிற்கும்போது, பாடகர் மூச்சு வாங்குவதைக் கேட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ஹை பீம் போட்டால் எஃப்எம்மில் மட்டும் ஒரு கொறகொறப்பு வருகிறது, எல்லா ஸ்டேஷன்களிலும் அல்ல, சிக்னல் பலவீனமாக உள்ளவற்றில் மட்டும். ஆர்பிஎம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் போட்டாலும் வருகிறது. எல்இடி விளக்கின் டிரைவர்தான். இது உண்மையிலேயே மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இருக்கும் இரைச்சல். டப்பாவில் கிடக்கும் அந்த நான்கு ஃபெரைட் வளையங்களில் இரண்டை எடுத்து, டிரைவருக்கு ஒட்டினாற்போல அதன் ஒயரில் மாட்டப் போகிறேன்.